எட்சன் லேப்டாப்பைத் திறந்த விதம்

அன்று முகூர்த்த நாள். நாகர்கோவிலில் ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை. ஆகவே எங்கள் தகவல் பாதுகாப்பு மாநாட்டை முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியிலுள்ள சிறிய கல்யாண மண்டபத்தில் வைத்தோம்.

மாநாடு என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். வந்தவர்கள் மொத்தம் அறுபத்து மூன்று பேர். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள், அதைப் படிப்பவர்கள், பூட்டிய எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கிறவர்கள். கட்டணம் கிடையாது, ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் விதி. பதிவு மேசையில் நான் உட்கார்ந்து பெயர், ஊர், பலகாரம் மூன்றையும் நோட்டில் எழுதினேன். பதினோரு பேர் முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு என் நண்பன் எட்சனின் உரை. தலைப்பு, "என் லேப்டாப்பை யாராலும் திறக்க முடியாது." வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றான்.

பத்தரை மணிக்கு, ஃபிளெக்ஸில் இருந்த அதே எட்சன் மேடை ஓரத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். லேப்டாப் தானாக அப்டேட் ஆகி அணைந்து எழுந்திருக்கிறது. ஜனவரி முதல் விரலை வைத்தே திறந்து வந்தவனிடம், இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. பத்து முறை தவறினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்படி அவனே ஏற்பாடு செய்திருந்தான். உரைக்கான படங்களும் உள்ளே, மகளின் ஞானஸ்நானப் போட்டோக்களும் உள்ளே. நான் போய்ப் பார்க்கும்போது ஏழு முறை முடிந்திருந்தது.

"என்னலே, மறந்துட்டியா?" என்றேன்.

"மெதுவா பேசு ஓய். அந்தா ஜிபின் நிக்கான்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"எழுதித்தான் இருக்கு. வீட்டு ஃபிரிட்ஜுல."

எனக்கு விளங்கிவிட்டது. எட்சனின் சபையில் வருடப் பிறப்பு ஆராதனையன்று தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலுள்ள பைபிள் வசனம் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு உரியது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவார்கள்.

"வாக்குத்தத்தமா பாஸ்வேர்டு? லேய், உன் வீட்டுக்குத் தண்ணி குடிக்க வாறவன் எல்லாம் பாக்குறதுல்லா அது!"

"பாத்தா என்ன? அதாக்கும் பாஸ்வேர்டுன்னு எவனுக்குத் தெரியும்? நீயும் பாத்திருப்பியே. என்ன வசனம்ணு சொல்லு, சீக்கிரம்."

"ஒரு புறா படம் இருந்துது. அதுக்க மேல ஞாபகம் இல்ல."

"சவத்த, புறாவ அடிச்சா திறக்குமா?"

அதற்குள் ஜிபின் வந்துவிட்டான். களியக்காவிளைக்காரன்; கம்பெனிகள் அழைத்தால் போய் அவர்களுடைய கணினிகளை உடைத்துக்காட்டுவதுதான் அவன் தொழில். "அண்ணே, திறக்கல்லியா? தாங்க, நாங்க பாக்கோம்," என்றான். அவன் பின்னால் ஒருவன் பென்டிரைவோடு நின்றான். இன்னொருவன் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். எங்கள் கூட்டத்தின் குணம் அப்படி. ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் அத்தனை பேரும் ஸ்குரூ டிரைவரோடு வந்துவிடுவார்கள்.

"ஒருத்தரும் தொடப்பிடாது!" என்று லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எட்சன் வெளியே ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மனைவி பெபிஷாவுக்குப் போன் செய்தான். நான் காவல் நின்றேன்.

"பெபி, நம்ம வீட்டு வாக்குத்தத்தம் என்னது? சட்டுன்னு சொல்லு."

"ஏன், என்ன ஆச்சு? இப்பம் எங்க நிக்கிய?"

"ஒண்ணுமில்ல. வசனத்த மட்டும் சொல்லு பிள்ள."

"ஒண்ணுமில்லாமலா வசனம் கேப்பிய? கல்யாணம் முடிஞ்சு ஒம்பது வருசத்துல ஒரு தடவ கேட்டிருக்கியளா? அய்யோ, கொரலே சரியில்லியே!"

வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தபோது லைன் பிஸி. அடுத்து அழைத்தபோதும் பிஸி.

நாங்கள் மண்டபத்துக்குள் திரும்பியபோது ஜிபின் போனை நீட்டினான். "அண்ணே, உங்க சபையில உள்ள எங்க அத்த அனுப்பியிருக்கா. இது நீங்கதானா?"

எட்சனின் சபை வாட்ஸாப் குரூப்பில் வந்த செய்தி அது. "சகோதரர் எட்சன் முட்டத்தில் மிகுந்த பாரத்தோடு இருக்கிறார். அவர் வீட்டு வாக்குத்தத்தத்தைச் சொல்லி அனைவரும் ஜெபிக்கவும்." கீழே அட்டையின் போட்டோ. புறா, வசனம், வசன எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

எட்சன் போனைப் பார்த்தான், லேப்டாப்பில் அடித்தான். மறுபடி போனைப் பார்த்தான், அடித்தான். எட்டாவது முறையில் திறந்தது. எந்த வசனம் என்பதைப் பாதுகாப்புக் கருதி நான் இங்கே எழுதவில்லை. குரூப்பில் இருநூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

"அண்ணே," என்றான் ஜிபின், "வசனமா?"

அந்த நேரம் பார்த்துப் புரொஜெக்டரும் உயிர் பெற்றது. திரை முழுக்க, "என் லேப்டாப்பை யாராலும் திறக்க முடியாது." மண்டபம் சிரித்த சிரிப்பில் ஒரு முந்திரிக்கொத்துத் தட்டு கவிழ்ந்தது. ஓடிவிடுவான் என்று நினைத்தேன். எட்சன் ஓடவில்லை. மைக்கை எடுத்தான்.

"சிரிச்சாச்சா? செரி. வாக்குத்தத்தம், கல்யாணத் தேதி, பைக் நம்பர், இதுல ஏதாவது ஒண்ண பாஸ்வேர்டா வச்சிருக்குறவிய கைய தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. ஆனால் சிரிப்பு பட்டென்று நின்றது. அறுபத்து மூன்று தலைகளும் போனை நோக்கிக் குனிந்தன. டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜிபின் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தான். நானும் மேசைக்கடியில் என் பைக் நம்பரை மாற்றினேன். எட்சனும் மேடையிலேயே புது பாஸ்வேர்டு வைத்தான். அந்த மாநாட்டில் உண்மையாகவே பாதுகாப்புக்காக ஏதாவது நடந்தது என்றால் அப்போதுதான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எட்சனின் சபையிலிருந்து நேசம்மாள் மாமி இரண்டு பெண்களோடு இறங்கினார். குனிந்த தலைகளையும் நிலவிய அமைதியையும் பார்த்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"ஸ்தோத்திரம்! எல்லாரும் ஜெபத்துலயாக்கும் இருக்காவ," என்றார் மெதுவாக. பிறகு மேடையேறி எட்சனின் தலையில் கை வைத்தார். "மக்கா, பாரம் நீங்கிச்சா?"

"நீங்கிச்சு மாமி. பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அவ்வளவுதான். அந்த வசனந்தான் பாஸ்வேர்டா இருந்துது. இப்பம் மாத்தியாச்சு."

"ரொம்ப சந்தோசம்," என்று மாமி பையிலிருந்து போனை எடுத்தார். "புதுசு என்னன்னு சொல்லு மக்கா, குரூப்புல போட்டுருதேன். தெரியாம நாங்க எதச் சொல்லி ஜெபிக்க?"

மைக் அணைக்கப்படவில்லை. அறுபத்து மூன்று தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன.