முன்வரிசைச் சிரிப்பு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் சுப்பிரமணி உட்கார்ந்திருந்தார். சாலவாக்கத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நெல் பயிரிடுகிறவர். இருபத்தெட்டு வருஷமாகக் கட்சியில் இருக்கிறார். நடவு நாளாக இருந்தாலும், கூட்டம் என்றால் கரைவேட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

தலைவர் வரத் தாமதமானது. ஜனங்கள் கலைந்து போகாமலிருக்க மிமிக்ரி மோகன்குமாரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு நடிகர்களின் குரலில் பேசிப் பார்த்தான், சிரிப்பு எழவில்லை. உடனே எதிர்த்து நிற்கும் ஆளுங்கட்சி வேட்பாளர் கல்பனாவைப் பிடித்துக்கொண்டான். கல்பனா முன்பு செல்போன் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர்.

“அந்தக்கா ஆறு வருசம் நைட் ஷிப்ட் போச்சாம். அங்க செல்போன் பார்ட் மாட்டுச்சா, இல்ல வேற இன்னா பார்ட் நடிச்சுதான்னு கம்பெனி பஸ் டிரைவராண்டதான் கேக்கணும்!”

விசில் பறந்தது. சுப்பிரமணி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள் இளமதி, சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவளும் அப்படியொரு கம்பெனிக்குத்தான் போகிறாள். விடியற்காலை பஸ்ஸுக்குத் தினமும் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விடுவது சுப்பிரமணிதான்.

“நைனா, இது யாரு பாரு.”

வீடியோவில் மோகன்குமார் பேசி முடித்ததும் கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. வாயெல்லாம் பல்லாக அவர்.

“அது அந்தப் பொம்பளயப் பத்திச் சொன்னதும்மா. உன்னியவா சொன்னான்?”

“அந்தம்மா போன மாதிரி பஸ்லதான நானும் போறேன்? பஸ்ஸே பாத்துச்சு. ‘உங்க நைனாதான இது’ன்னு கேட்டாங்க. மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?” சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டாள். “எங்கூட வேல செய்யற பிரபா இன்னிக்கி வரவே இல்ல. வீடியோவப் பாத்துட்டு அவ வூட்டுக்காரரு, இனிமே போவாதன்னுட்டாராம்.”

உத்திரமேரூரைச் சுற்றிக் கம்பெனி பஸ் நிற்காத ஊர் குறைவு. அதில் மகளோ மருமகளோ போகாத தெருவும் குறைவு. மூன்றாம் நாள் பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுப்பிரமணியின் கட்சிக்காரப் பெண்களும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பேச்சுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கட்சி கைகழுவியது. மோகன்குமார் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும் வீடியோ வந்தது.

ஒன்றியச் செயலாளர் வேதகிரி போன் செய்தார். “யோவ், உம் பொண்ணு முன்னாடி குந்திக்கினு கீது. ஏந்து போவச் சொல்லு.”

“அவ மூஞ்சில முழிக்க முடியாம நானே தலைய தொங்கப் போட்டுக்கினு கீறேன், தலைவரே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் சுப்பிரமணி.

அன்றே அடுத்த தெருவிலிருந்த பிரபாவின் வீட்டுக்குப் போனார். அவள் கணவன் அரவிந்தன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எவனோ உளறனான்னு அந்தப் பொண்ண ஏம்பா வூட்ல குந்த வெக்கற?”

“அவன் உளறனான். நீ ஏன் மாமா சிரிச்ச?” அரவிந்தன் நிமிர்ந்தான். “டீக்கடையில என்னப் பாத்து, ‘உம் பொண்டாட்டி இன்னா பார்ட்டு’ன்றானுங்க. பெரிய மனுசன் நீயே சிரிக்கசொல்லோ, அவனுங்கள நான் இன்னான்னு கேக்கறது?”

“தப்புதாம்பா.”

“ஊரே பாக்கச் சிரிச்சிட்டு, இப்ப யாரும் இல்லாதப்ப வந்து தப்புன்றியே!”

கதவுக்குப் பின்னால் பிரபா நின்றிருந்தாள். அவள் பக்கம் பார்க்காமலே சுப்பிரமணி படியிறங்கினார். பத்து நாள் ஆனதும் கம்பெனி அவள் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டது.

அதற்கடுத்த கூட்டம் சாலவாக்கத்தில். இந்த முறை வேதகிரியே மைக்கைப் பிடித்தார். “ஒரு தமாஷு சொன்னதுக்கு ரோட்ல வந்து குந்திக்கினாளுங்க. அதுவும் ஒரு ஷிப்ட்டு போலகீது!”

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சுப்பிரமணி எழுந்து நின்றார்.

“நிறுத்துங்க தலைவரே.”

“குந்துய்யா!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

“குந்த மாட்டேன். அன்னிக்கி குந்திக்கினு சிரிச்சவன் நான்தான்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அந்தப் பேச்சு கல்பனாவ மட்டும் சொன்னதில்ல. விடிகாலம் பஸ் ஏறிப் போயி நம்ம வூட்டுக்கு சோறு போடற அத்தினி பொண்ணுங்களையும் சொன்னது. ஒருத்திக்கு வேலையே பூடுச்சு. ஆளுங்கட்சியக் கேக்கணும்னா ரோடு ஏன் போடலன்னு கேளுங்க, ஏரி ஏன் தூர் வாரலன்னு கேளுங்க. பொம்பள மானத்த வெச்சு கேலி பண்றது அரசியல் இல்ல. மேடையில நிக்கறவன் அசிங்கமா பேசறது நாம சிரிக்கறதாலதான். பேசனவன் மேல பாதி தப்புன்னா, சிரிச்ச நம்ம மேல மீதி. நாம சிரிக்கலன்னா அந்தப் பேச்சே இருக்காது.”

யாரும் கைதட்டவில்லை. அவர் வெளியே நடந்தார். பெண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

“இன்னாய்யா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டானா?” என்று மைக்கில் கேட்டுவிட்டுச் சிரித்தார் வேதகிரி.

அந்தச் சிரிப்பு மட்டும் ஒலிபெருக்கியில் தனியாகக் கேட்டது.