நூறில் இரண்டு

என் தொழில் துணி. என் பைத்தியம் இரும்பு. ராஜபாளையத்தில் அப்பா காலத்துத் துணிக்கடை என்னுடையது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு லேத்தும் ஒரு ஷேப்பரும் வைத்திருக்கிறேன். லேத்தில் இரும்பு சுற்றும், உளி நிற்கும். ஷேப்பரில் இரும்பு நிற்கும், உளி முன்னும் பின்னும் போய் அதைச் சீவும். இரண்டாலும் காலணா வருமானம் கிடையாது. "இதெல்லாம் வச்சு என்ன செய்வீங்க ஐயாதுரை?" என்று சர்ச் சபையில் யாராவது கேட்டால், "இன்னும் ரெண்டு சாமான் செய்வேன்" என்பேன். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை இல்லாத மனுஷன் என்று என் மனைவி எப்சி ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாள்.

இதே பைத்தியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருவனுக்கும் உண்டு. வேல்சாமி, பத்திர எழுத்தர். அவன் வீட்டுக் கார் ஷெட்டில் கார் இல்லை. ஒரு மில்லிங் மெஷினும் ஒரு சின்ன லேத்தும்தான் நிற்கின்றன. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் ஸ்கூட்டர் என் வாசலில் வந்து நிற்கும். அந்த வாரம் செய்ததைப் பழைய பனியனில் சுற்றி டிபன் பாக்ஸில் கொண்டுவருவான். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது: ஒரு எஞ்சின் செய்தால் துளையை ஒருவன் போட வேண்டும், அதற்குள் போகிற பிஸ்டனை மற்றவன் கடைய வேண்டும். அப்போதுதான் அது இரண்டு பேர் எஞ்சின்.

போன வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைக் குடிலில் நட்சத்திரத்தைச் சுழற்றிய மோட்டார், பாட்டு நடுவில் கருகி நாறியது. புதிதாக வந்திருந்த பாஸ்டர் மெர்வின் ரொம்பச் சங்கடப்பட்டார். "அடுத்த வருஷம் கரண்டே வேண்டாம் பாஸ்டர், ஒரு விளக்குச் சூட்டிலேயே சுத்த வைக்கிறோம்" என்று வாயை விட்டவன் நான்தான். செய்ய முடியாத காரியமில்லை. விளக்குச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளும், ஆறியதும் இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் விளக்குக்கு இருக்கிற பலம் கொஞ்சம். பிஸ்டன் உரசவும் கூடாது, ஓரத்தில் காற்று கசியவும் கூடாது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கி அதில் ஒரு பங்கு இடைவெளிதான் விடலாம். இந்த முறை சிலிண்டர் துளை என் பங்கு, பிஸ்டன் அவன் பங்கு.

அக்டோபர் முதல் ஞாயிறு வேல்சாமி பிஸ்டனோடு வந்தான். சாயங்கால ஆராதனைக்குப் போகிற வழியில், வெள்ளை அங்கியோடே பாஸ்டரும் எட்டிப் பார்த்தார். அவர் முன்னால் பிஸ்டன் பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. அவன் அமுக்கினான், நான் அமுக்கினேன், மரச் சுத்தியலால் இரண்டு தட்டும் தட்டினோம். வெளியே எடுத்தபோது இரண்டிலும் கீறல். ஒரு மாத வேலை குப்பைக்குப் போனது.

"யாரு பக்கம் தப்பு?" என்று பாஸ்டர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"துணிக்கடைக் கை பாஸ்டர்," என்றான் வேல்சாமி. "அளந்தா ஒரு விரல் குறையத்தான் செய்யும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் சிரித்திருப்பேன். ஆனால் பாஸ்டர் குனிந்து தன் அங்கியின் ஓரத்தை ஒரு கணம் பார்த்தார். அது கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றது. துணி என் கடையில் எடுத்தது. தைத்தவன் செய்த தப்பு அது. அதைச் சொல்லத் தையல்காரன் அங்கே இல்லை. முப்பது வருஷமாக ஒரு விரல் குறைத்துக் கிழிக்காதவன் நான். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறிவிட்டது.

"பத்திரக்காரன் பிஸ்டன் வேற எப்படிலே இருக்கும்? அடுத்தவன் எல்லைக்குள்ள அரை அடி தள்ளித்தான நிக்கும்!" என்றேன்.

வேல்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. யாருடைய எல்லையையும் ஒரு அடி மாற்றி எழுதாதவன் என்று கோர்ட்டு வரைக்கும் பெயர் எடுத்தவன் அவன். பிஸ்டனை அளக்கிற மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினான், டிபன் பாக்ஸை எடுத்தான். பாஸ்டர் சமாதானமாக ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று வீம்பாக இருந்தேன். கடையில் யார் வந்தாலும் ஒரு ஜாண் கூடவே கிழித்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்குப் புது அங்கித் துணி எடுக்க வந்த பாஸ்டருக்கு ஒரு முழமே கூடக் கொடுத்தேன். "ஏன் இம்புட்டு?" என்றார். "இருக்கட்டும்" என்றேன்.

எப்சிக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸை விட்டு இறங்கி அவள் நடக்கிற வழியில்தான் வேல்சாமி உட்கார்ந்து பத்திரம் எழுதுவான். தீபாவளி முடிந்த மறுநாள் வந்து சொன்னாள்: "வேல்சாமி அண்ணன் போட்டிருந்த புதுச் சட்டை நம்ம கடைத் துணி இல்ல."

"எனக்கு எதுக்கு அந்தக் கதை?" என்று எரிந்து விழுந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு தீபாவளிக்கு அவன் வீட்டுக்கே என் கடைத் துணிதான்.

கோபம் வந்தால் நான் ஷேப்பரை ஓட்டுவேன். லேத்துக்குப் பக்கத்தில் நின்று கண்ணை அகற்றாமல் பார்க்க வேண்டும். ஷேப்பருக்கு அப்படி இல்லை. இரும்பைக் கட்டிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், அது பாட்டுக்குப் போய்ப் போய் வந்து சீவிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்கக் கோபம் இறங்கும். எஞ்சினுக்கு அடித்தட்டு ஒன்றை மூன்று வாரம் அப்படிச் சீவினேன். என் ஆயுசில் அவ்வளவு சமமான தட்டு நான் செய்ததில்லை. எப்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லா மின்னுதே," என்றாள்.

மின்னுவதா முக்கியம்? அதன் மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "அண்ணாச்சி, இந்த மூலையில ஒரு மயிரிழை பள்ளம்" என்று சொல்ல ஒருத்தன் வேண்டும். அந்தக் குறை சொல்லும் வாய் இல்லாமல் எனக்கு அந்தத் தட்டே பிடிக்கவில்லை. வேல்சாமி இல்லாமல் என்னால் முடியவில்லை; அதுதான் உண்மை. ஆனால் போய்ச் சொல்ல நாக்கு வரவில்லை.

நவம்பர் கடைசியில் பாஸ்டர் சபையில் அறிவித்தே விட்டார், இந்த வருஷம் நட்சத்திரம் விளக்குச் சூட்டில் சுற்றும் என்று. வீட்டுக்கு வந்து எப்சி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கிட்டு நில்லுங்க. பேச வேண்டாம். நீங்க துளையைப் போடுங்க, அவிய பிஸ்டனைக் கடையட்டும். வரைபடத்தைக் கொண்டுபோய்க் குடுத்து, பிஸ்டனை வாங்கிட்டு வர நான் இருக்கேன். ஆனா சபைக்கு முன்னால என்னைத் தலைகுனிய வச்சிராதீங்க."

புதுச் சிலிண்டரை லேத்தில் கட்டினேன். கடைசி வெட்டுக்கு முன்னால் நெடுநேரம் யோசித்தேன். வேல்சாமி பிஸ்டன் கொழுத்துத்தான் வரும், அது அவன் குணம். வரட்டுமே. ஒரு விரல் கூடக் கிழித்துக் கொடுக்கிற மாதிரி நான் கொஞ்சம் வழி விட்டால் என்ன குடி முழுகிவிடும்? வரைபடத்தில் இருந்ததைவிட மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு பெரிதாகவே துளையைப் போட்டேன். எப்சியிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவன்கிட்ட மூச்சு விடாத" என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் பிஸ்டன் வந்தது. எழுத்துப் பிழையான ஒரு பத்திரத் தாளில் சுற்றியிருந்தான். சிலிண்டரின் அடிவாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை மேலே வைத்தேன். பொருத்தம் சரியாக இருந்தால், உள்ளே இருக்கிற காற்று விடாமல் தாங்க, பிஸ்டன் மெதுவாக இறங்க வேண்டும்.

டொக்கென்று என் விரலில் விழுந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் டொக். கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி நேராக விழுந்தது. மைக்ரோமீட்டரை எடுத்துப் பார்த்தேன். பிஸ்டன் நூறில் இரண்டு பங்கு இளைத்திருந்தது. வேல்சாமிக்குக் கை தவறி இவ்வளவு போகாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் இறங்கிப் போய் வழி விட்டால், இவன் சபைக்கு முன்னால் என் மானத்தை வாங்க வேண்டுமென்றே கெடுத்து அனுப்பியிருக்கிறான்!

"கிளம்புட்டி எப்சி. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்திருதேன்."

"எப்படியும் வரத்தான் செய்வேன். கைகலப்பாயிட்டா யாரு பிரிச்சு விடுவா?" என்று அவளும் பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் சரியில்லை.

வேல்சாமி கார் ஷெட்டில் லுங்கியோடு மில்லிங் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க மதினி," என்றான். என்னை அழைக்கவில்லை. சிலிண்டரும் பிஸ்டனும் இருந்த டிபன் பாக்ஸை நான் அவன் முன்னால் வைத்தேன்.

"போட்டுப் பாரு."

அடைத்துப் பிடித்துப் போட்டான். டொக். அவன் புருவம் சுருங்கியது. துளை அளக்கிற டயலை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அண்ணாச்சி, ரெண்டு கூடப் போட்டிருக்கீங்க."

"ஆமாலே, போட்டேன்! வேணும்னுதான் போட்டேன். உன் பிஸ்டன் கொழுத்துத்தான் வரும், போனாப் போகுது, இந்தத் தடவை நம்ம வழி விடுவோம்னு போட்டேன். நீ என்னன்னா ரெண்டைக் குறைச்சு அனுப்பி என்னைக் கேவலப்படுத்துத. ஏன்லே குறைச்ச?"

வேல்சாமி கையில் இருந்த துணியால் காய்ந்த கையையே துடைத்தான்.

"நீங்க எப்பவும்போல இறுக்கித்தான் போடுவீங்கன்னு நெனச்சேன்," என்றான். "நம்ம எல்லையைச் செத்த உள்ள இழுத்துக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிரும்னு குறைச்சேன் அண்ணாச்சி."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவன் விட்டது இரண்டு, நான் விட்டது இரண்டு, இருக்க வேண்டியது ஒன்று, ஆக ஐந்து. அவ்வளவு பெரிய ஓட்டையில் காற்று எங்கே நிற்கும்?

எப்சி மெல்ல வாயைத் திறந்தாள். "எனக்கு ரெண்டும் தெரியும். ரெண்டு பேருமே சொல்லாதீங்கன்னீங்க. நல்ல காரியம்தான, ரெண்டு பேரும் செஞ்சா ரெட்டிப்பா நல்லா வரும்னு நெனச்சேன்."

வேல்சாமிதான் முதலில் சிரித்தான். தொப்பை குலுங்க, மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லலாம் என்றால், பாவி, அப்போதுதான் துடைத்து வைத்திருந்தான்.

"மன்னிச்சுக்கலே," என்றேன். "உன் தொழிலைப் பேசியிருக்கக் கூடாது."

"நான்தான முதல்ல பேசினது," என்றான்.

துளையை இனி சிறிதாக்க முடியாது. அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று, அதற்கு ஏற்ற பிஸ்டனைக் கடைய உட்கார்ந்தோம். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே லேத்துக்கு முன்னால். அவன் கடைவான், நான் அளப்பேன், "இன்னும் கொழுப்பு இருக்குலே" என்பேன், அவன் ஒரு பொடி எடுப்பான். சாயங்காலம் காபி வருவதற்குள் பிஸ்டன் முடிந்தது. அவன் கட்டைவிரலால் அடைத்துப் பிடிக்க, நான் மேலே வைத்தேன். அது நின்றது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், இறங்க ஆரம்பித்தது. அது அவன் கட்டைவிரலைத் தொடும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். முன்னால் டொக்கென்று விழுந்த இளைத்த பிஸ்டனை வேல்சாமி எடுத்து வைத்துக்கொண்டான். இப்போது அவன் பத்திரத் தாள்கள் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இருபத்துநாலாம் தேதி சாயங்கால ஆராதனையில் நான் விளக்கை ஏற்றினேன். எஞ்சின் இரண்டு தரம் தயங்கிவிட்டு ஓடத் தொடங்கியது. குடிலின் மேலே நட்சத்திரம் சுற்றியது. பிள்ளைகள் கைதட்டின. வேல்சாமி குடும்பத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் மெர்வின் புது அங்கியில் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். அங்கி தரையில் ஒரு ஜாண் புரண்டது. படியில் அதை மிதித்துத் தடுமாறி, எப்சியின் நாற்காலியைப் பிடித்து நின்றார்.

வேல்சாமி என் காதருகே குனிந்தான்.

"அங்கித் துணி உங்க கடையா?"

"ஆமா."

"எம்புட்டு கூடக் குடுத்தீங்க?"

"ஒரு முழம்."

அவன் தரையில் புரண்ட அங்கியைத் திரும்பிப் பார்த்தான்.

"பொங்கலுக்கு எங்க வீட்டுல எல்லாருக்கும் துணி எடுக்க வாரோம்," என்றான். "அம்புட்டு வேண்டாம் அண்ணாச்சி. எப்பவும்போல அளந்து குடுங்க, போதும்."

சரி என்று தலையாட்டினேன்.