ஐந்து நட்சத்திரம் போட்ட சாவு

தமிழ்மாறன் என்ன வேலை பார்க்கிறான் என்று வாலிகண்டபுரத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் கடை என்பார் ஒருவர், ஜெராக்ஸ் என்பார் இன்னொருவர். அவன் அப்பா பிச்சைமுத்து, "டவுன்ல ஆபீஸ் வச்சிருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் யாராவது தோண்டினால் மக்காச்சோளத்தில் புழு விழுந்த கதைக்குத் தாவிவிடுவார்.

உண்மையில் அவன் வேலை, கடைகளை முன்னுக்குத் தள்ளுவது. யாரோ ஒருத்தர் போனை எடுத்து 'பல் டாக்டர், பெரம்பலூர்' என்று தேடுகிறார் என்று வையுங்கள். வரிசையாகப் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்தில் தன்னிடம் வந்த டாக்டர் முதல் ஆளாக நிற்க வேண்டும். அதற்காக அவருடைய வெப்சைட்டில் ஊர்ப் பெயர்களை அள்ளித் தெளிப்பான், படம் ஏற்றுவான், வந்து போனவர்களிடம் நாலு நல்ல வார்த்தை எழுதி வாங்குவான். எழுத மாட்டேன் என்கிறவர்களுக்கு இவனே எழுதிவிடுவான். சொல்லப்போனால் பாதிக்கு மேல் இவன் எழுதியதுதான். ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்று ஒரு பதிலை மனசில் தயாராக வைத்திருந்தான். அந்த ஒரு பதில் கையில் இருந்தால் மனுசன் எதைத்தான் செய்ய மாட்டான்.

அப்படியிருக்கும்போதுதான் ராசாங்கம் வந்தார். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து முகம் பார்க்கும்வரை செத்தவர் உடம்பைக் கெடாமல் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி.

"பெரம்பலூர் மட்டும் பத்தாது தம்பி. அரியலூர், ஜெயங்கொண்டம், அந்தாண்ட மீன்சுருட்டி வரைக்கும் எவன் தேடுனாலும் நம்ம பேருதான் மொதல்ல வரணும்" என்றார்.

"வர வச்சிடலாங்க" என்றான் தமிழ்மாறன். எத்தனை பெட்டி வைத்திருக்கிறீர்கள், எத்தனை வண்டி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரே ஒரு வேன்தான் என்று தெரிந்திருக்கும். திருமழபாடிக்கு ஒரு பக்கம், மீன்சுருட்டிக்கு ஒரு பக்கம் என்று ஊருக்கு ஊர் தனிப் பக்கம் போட்டான். எல்லாவற்றிலும் 'அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில்' என்று கொட்டை எழுத்தில் போட்டான். பெரம்பலூரிலிருந்து மீன்சுருட்டிக்கு அரை மணியில் போக வேண்டும் என்றால் ராசாங்கத்தின் வேனுக்கு இறக்கை முளைக்க வேண்டும்.

விமர்சனங்களில்தான் வினை வந்தது. புதிதாகக் கணக்குத் திறந்து எழுதியதெல்லாம் மறுநாளே காணாமல் போனது. பல வருசமாகப் புழங்குகிற, அந்த வட்டாரத்தில் நடமாடுகிற நிஜமான ஆள் எழுதினால்தான் நிற்கும் போலிருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. அப்படி ஒரு ஆள் கைவசம் இருந்தான். அவனேதான். கல்லூரிக் காலத்திலிருந்து வைத்திருக்கிற கணக்கு. முழுப் பெயர், அதற்குப் பக்கத்தில் அவன் படம். சித்தப்பா மகள் பூங்குழலி நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படம்.

முதலில் 'பெரியப்பா தவறினப்ப' என்று ஆரம்பித்தான். படிக்கிறவர் மனசில் ஒட்டாது என்று தோன்றியது. அழித்துவிட்டு 'அப்பா' என்று அடித்தான். கை கூசவில்லை. அதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து வெந்து போனான். டீ ஆறிவிடுமே என்று அவசர அவசரமாக அடித்து, ஐந்து நட்சத்திரமும் போட்டு, குடிக்கப் போய்விட்டான்.

அந்த வாரமே ராசாங்கம் முதல் இடத்துக்கு வந்துவிட்டார். அவர் அல்வாப் பொட்டலத்தோடு மாடியேறி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தமிழ்மாறனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அல்வாவில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கும் கொடுத்தான். நன்றாயிருக்கிறது என்று அவர் இன்னொரு விள்ளல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பூங்குழலி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட இருந்ததற்கு முந்தின நாள் காலையில் சித்தப்பா கண்ணையன் போன் செய்தார். ஆபீஸில் இருந்தான்.

"மாறா, ஒங்கப்பன் செத்துட்டான்னு எழுதினியாடா?"

எங்கே, எப்போது என்று கேட்கவே தேவையில்லை. மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா செங்கமலம் பேசியிருக்கிறாள். உங்கள் பங்காளி வீட்டில் போன வாரம் சாவு விழுந்திருக்கிறது. பதினாறு நாள் தீட்டு உங்களுக்கும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு பந்தக்கால் நட்டு, எங்கள் வீட்டுக்குப் பெண் அனுப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

"அண்ணன் உசுரோட இருக்காரும்மான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க. முகூர்த்தம் தப்பிடக் கூடாதுன்னு சாவ மறைக்கிறவங்க இல்லியான்னு கேக்குறாங்க. வீடியோ கால் போட்டு அண்ணன் மூஞ்சியக் காட்டுனேன். போன்ல காட்டுறத நம்பித்தான் இந்த நெலமையில இருக்கோம், அவரும் எழுதுன புள்ளையும் நேர்ல வரணும்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கே வரலன்னா கல்யாணமே இல்லியாம். எம் பொண்ணு சாப்புடாம கெடக்குடா."

வீட்டுக்குப் போனபோது பிச்சைமுத்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கென்று தைத்து வைத்திருந்த புது வெள்ளைச் சட்டை. "போலாமா?" என்றார். திட்டியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு மூச்சு வந்திருக்கும்.

பெரம்பலூரில் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினார்கள். அப்பா ஜன்னலோரம், இவன் பக்கத்தில். ஒரு பொய்யை இதற்குள் ஜோடித்து வைத்திருந்தான்.

"யாரோ என் அக்கவுண்ட்டத் திருடி எழுதிட்டாங்கன்னு சொல்லிரலாம்பா. அப்படி நடக்குறதுதான்."

சிமெண்ட் லாரிகள் வரிசையாக எதிரே வந்து போயின. பிறகு பிச்சைமுத்து கேட்டார்.

"என்னா எழுதியிருக்கேன்னு படி."

"வேணாம்பா."

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீ படி."

படித்தான். "'போன வாரம் எங்க அப்பா தவறினப்ப...'"

"சத்தமாப் படி. வண்டி சத்தத்துல கேக்கல."

தமிழ்மாறன் குரலை உயர்த்தினான். "'போன வாரம் எங்க அப்பா தவறினப்ப என்ன செய்றதுன்னே தெரியல. கூப்பிட்ட அரை மணி நேரத்துல பெட்டி வந்துருச்சு. கோயமுத்தூர்ல இருக்கிற அக்கா வர்ற வரைக்கும் அப்பா முகம் தூங்குறாப்ல இருந்துச்சு. அக்கா வந்து முகம் பாத்து அழுதுச்சு. இவங்களுக்கு எங்க குடும்பமே கடமைப்பட்டிருக்கு.'"

முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி, "பாவம், சின்ன வயசு" என்று உச்சுக் கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிச்சைமுத்துவும் அவளைப் பார்த்துத் தலையாட்டி வைத்தார். தமிழ்மாறனுக்கு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

"மலர்கொடியும் வந்து பாத்துச்சாக்கும்" என்றார் அப்பா. மலர்கொடி அவன் அக்கா.

"சும்மா எழுதினதுப்பா."

"எதுக்கு?"

"மொத எடத்துக்கு வர்றதுக்கு."

"வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறும்போது இவன் டீ வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தார்.

மீன்சுருட்டியில் செங்கமலம் வாசலிலேயே நின்றிருந்தாள். அறுபதை நெருங்குகிறவள், கட்டுமஸ்தான உடம்பு, யாருக்கும் எதற்கும் மசிகிறவள் இல்லை என்று பார்த்தாலே தெரியும். பிச்சைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு பேர் பார்க்க முற்றத்து நடுவில் போய் நின்றார்.

"நான்தாங்க பிச்சைமுத்து. பொண்ணுக்குப் பெரியப்பன். சாவலீங்க" என்றார்.

வேடிக்கை பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுபது வயசு மனுசர், அறுவடைக்கு ஆள் கூப்பிடவும் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் சீட்டு வாங்கவும் தவிர எவர் வாசலிலும் போய் நிற்காதவர், செத்துப்போகவில்லை என்று சத்தியம் செய்கிறார். தமிழ்மாறன் கூனிக் குறுகிப்போனான்.

"புள்ள தெரியாம பண்ணிட்டான்" என்றார் அப்பா.

அக்கவுண்ட்டைத் திருடிய கதை நுனி நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும், அங்கே யாருக்கும் அதெல்லாம் தெரியாது. ஆனால் அந்தப் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியாம இல்லீங்க அத்தை. தெரிஞ்சேதான் எழுதினேன். அவங்க கடை மொதல்ல வரணும்னு எழுதினேன். சித்தப்பா மேல ஒரு தப்பும் இல்லீங்க. பூங்குழலிய வேணாம்னு சொல்லிடாதீங்க."

செங்கமலம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிச்சைமுத்து கையில் கொடுத்தாள்.

"குடிங்க சம்பந்தி. தீட்டு இல்லன்னு ஆயிப்போச்சு. நாளைக்குப் பந்தக்கால நடச் சொல்லுங்க. கல்யாணம் குறிச்ச தேதியிலதான்."

பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ்மாறனுக்கும் அப்பாடா என்றிருந்தது. விட்டது சனியன், இத்தோடு போயிற்று என்று நினைத்தான். போனை எடுத்து அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், அந்த விமர்சனத்தை அழித்தான். அவ்வளவுதானே?

"அழிச்சிட்டியா? சரி. நாங்க எதுக்கு அதப் போயிப் படிச்சோம்னு நீ கேக்கவே இல்லியே தம்பி" என்றாள் செங்கமலம்.

ஐஸ் பெட்டி எங்கே கிடைக்கும் என்று சும்மாவா ஒருத்தர் தேடுவார்? அது இத்தனை நேரம் அவன் புத்தியில் உறைக்கவேயில்லை.

"அடுத்த வூட்டு உண்ணாமலை போயிட்டா. மவ வேணி பெங்களூர்ல வேலைக்கி இருக்கு. ஒத்தப் புள்ள. அது வர்ற வரைக்கும் வைக்கணும். எம் மவன் போன்ல தேடுனான். மொதல்ல நீ எழுதுன கடை வந்துச்சு. ஜெயங்கொண்டத்துல தெரிஞ்ச கடை இருக்கு, அங்க சொல்லிர்றேன்னுதான் சொன்னான். நான்தான் தடுத்தேன். இங்க பாரு, நம்ம சம்பந்தி வூட்டுப் புள்ள போட்டோவோட எழுதியிருக்கு, அரை மணி நேரத்துல வந்துச்சாம், பொய்யா இருக்காதுன்னு சொன்னேன். அன்னிக்கு அவசரத்துல அந்த அரை மணி நேரத்த மட்டுந்தான் பாத்தோம். அடக்கம் முடிஞ்சு வந்துதான் நிதானமாப் படிச்சோம், ஒங்கப்பா செத்தத."

"பெட்டி வரலீங்களா?"

"வருது வருதுன்னே சொன்னாங்க. கோடை வெயிலு. நாலு பக்கமும் ஐஸ்கட்டி வாங்கி வச்சுப் பாத்தோம். பொறுக்கல. எடுத்துட்டோம். அவங்க வண்டி வந்து நின்னப்ப நாங்க குளிச்சிட்டு நிக்கிறோம். புள்ள அதுக்கும் பின்னாடி வந்துச்சு. வந்து வெறும் கட்டிலத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு." செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் சொன்ன ஒரு வார்த்த. அது மூஞ்சியில நான் இன்னும் முழிக்கல. நீ போயிப் பாரு."

பக்கத்து வீடுதான். நாளைக்குப் பந்தக்கால் நடப்போகிறவர் சாவு வீட்டுப் படியேறக் கூடாது என்பதால் பிச்சைமுத்து தெருவிலேயே நின்றுகொண்டார். தமிழ்மாறன் மட்டும் உள்ளே போனான். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வேணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. அவனைப் பார்த்ததும் யாரென்று யோசித்தாள், பிறகு எழுந்தாள்.

"நீங்கதான அந்த அண்ணன்? தட்டு வச்சிக்கிட்டு நிக்கிற போட்டோ."

அவன் தலையை ஆட்டினான். நான்தான், மன்னிச்சிடுங்க, எல்லாம் பொய் என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒங்க அப்பாவும் இப்பத்தான் தவறினாங்களாமேண்ணே. இந்த நேரத்துல என்னய வந்து பாக்குறீங்களே. அப்புறமா நான் நீங்க எழுதினத எடுத்து எத்தினியோ தடவ படிச்சேன். எங்களுக்குத்தான் வண்டி வரல, ஒங்களுக்காவது வந்துச்சே. ஒங்க அக்கா வந்து மூஞ்சி பாத்துட்டாங்கன்னு எழுதியிருந்தீங்கள்ல, அதப் படிக்கிறப்ப மட்டும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். யாரோ ஒருத்தங்களுக்குக் கெடச்சிருக்குன்னு."

தமிழ்மாறன் நின்றான். சற்று முன் அழித்த அந்த நாலு வரியை இவள் இனிமேல் எங்கே தேடுவாள் என்ற எண்ணம் வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது, எழுதினதற்கும் வெட்கமாக இருந்தது.

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். தெருவில் வெயிலில் புது வெள்ளைச் சட்டையோடு ஒருத்தர் நிற்பது தெரிந்தது.

"அது யாரு, ஒங்ககூட வந்தவங்களா? உள்ள வரச் சொல்லுங்கண்ணே, வெயில்ல நிக்கிறாங்க."

"எங்க அப்பா" என்றான் தமிழ்மாறன்.

வேணி அவனைப் பார்த்தாள். மறுபடியும் தெருவைப் பார்த்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று பிச்சைமுத்துவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அந்தப் பெண் தன்னைப் பார்க்கிற பார்வை அவருக்குத் தெரிந்தது. தெருவில் நின்றபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். உயிரோடு இருப்பதற்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி, கையை இறக்காமலே நின்றார்.