வெள்ளிக்கிழமை வெட்டிய பங்கு

தவசு காலம் வந்துவிட்டால் கொல்லிமலையில் ஒரு சிலுவைக்குக் கால் முளைத்துவிடும். மற்ற மாதமெல்லாம் அது அரியூர் நாட்டுக் கோயிலில் சுவரோடு சாய்ந்து சும்மா நிற்கும். பலாமரத்தில் இழைத்தது, ஆள் உயரத்துக்கு மேல், தூக்க நாலு பேர் வேண்டும். விபூதிப் புதன் கழிந்த முதல் வெள்ளியிலிருந்து வாரம் ஓர் ஊருக்கு அது புறப்படும்.

மலை முழுக்கத் தேடினாலும் வேதக்காரர்கள் இருக்கிற ஊர் ஐந்தாறுதான். சாமியாரும் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலில் பூசை வைப்பார். வார நாளில் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகப் போய், அவரவர் தங்கள் பாவத்தைச் சொல்லிக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் கேட்பார். வெள்ளி வந்தால் எல்லா ஊர்ச் சனமும் ஒன்றுகூடிச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு அந்த வாரத்து ஊருக்கு நடக்கும். அன்றைக்கு ஒருசந்தி, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாது. சிலுவைப்பாதை முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த ஒரு வேளைதான் சாப்பாடு. கஞ்சி ஊற்றுகிற ஊருக்கு அன்று இருக்கிற மிடுக்கு, புது மாப்பிள்ளைக்குக்கூட இருக்காது.

குண்டூர் நாட்டு ஊத்துக்குழிப்பட்டிக்கும் இந்த வரிசையில் ஒரு வெள்ளி இருந்தது. அந்த ஊரில் வேதக்கார வீடு ஒன்றே ஒன்று. ஆயம்மாள் வீடு.

அவள் புருஷன் வேலப்பன் ஒரு காலத்தில் விஷக்காய்ச்சலோடு கீழ்நாட்டுக்குப் போய், மடத்துச் சகோதரிகள் கையால் பிழைத்து, வேதத்தில் சேர்ந்து, சூசை என்ற பேரோடு திரும்பி வந்தவன். வந்த கையோடு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூரைக் கொட்டகை போட்டு அதைக் கோயில் என்றான். ஊர் அவனை விலக்கி வைக்கவில்லை. ஆனால் வேட்டையில் விழுந்த மிருகத்தை ஊர்ச் சாமி முன்னால் வைத்து, அடுப்பு எரிகிற வீட்டுக்கெல்லாம் பங்கு வெட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. ஒருமுறை, "படைச்ச கறி எங்களுக்கு ஆகாதுங்க" என்று வேலப்பன் தன் பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஊர்க்கவுண்டர் மாதன் அவனுக்குச் சொந்தச் சித்தப்பா. அவர் திரும்பி வந்த கறியை வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு அந்த வீட்டுக்குப் பங்கு வெட்டுவது நின்றுபோயிற்று. சிரிப்பும் பேச்சும் இருந்தன, பங்கு மட்டும் இல்லை. மலைக்காரனுக்கு அது இல்லையென்றால் அவன் அந்த ஊரில் குடியிருக்கிறான், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரன் இல்லை.

போன ஐப்பசி மழையில் வேலப்பன் செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. செபமாலை சொல்லும்போது பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர் சொல்லி முடிக்க வேண்டும். ஆயம்மாள் முதல் பாதியைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தி, மீதியையும் தானே சொல்லிக்கொண்டாள். கொட்டகை நிறையச் சனம் நின்று அவளுக்குப் பதில் சொல்லுவது வருஷத்தில் அந்த ஒரு வெள்ளிதான். அதற்காகவே அவள் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்குத்தான் ஆபத்து வந்தது. சாமியாருக்குத் துணையாகச் செபம் சொல்லிக்கொடுக்கிற ராயப்பன் உபதேசியார் நல்ல மனுஷர். வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு வைக்க மறந்துபோன மனுஷர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"ஒத்த ஊட்டுக்காக அறுவது பேரு பட்டினியோட அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறோணுமுங்களா சாமி? அந்தப் பொம்பள தனிக்கட்ட. அறுவது பேருக்குக் கஞ்சிக்கு எங்க போகும்? இந்த வருசத்துலயிருந்தே அந்த ஊரை எடுத்துப்போடலாமுங்க."

சாமியார் ஆயம்மாளைப் பார்த்தார். அருளப்ப சாமியார் காவேரிக்கரைக்காரர், கனத்த சரீரம், இளகின மனசு. "இந்த வருஷம் வரட்டும், உபதேசியாரே. ஒழுங்காக நடந்தால் மேற்கொண்டு பார்ப்போம்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. உபதேசியார் முகம் கோணிக்கொண்டே இருந்தது.

"நடத்திக் காட்டறேனுங்க சாமி" என்றாள் ஆயம்மாள்.

வாய் சொல்லிவிட்டது. கை என்ன செய்யும்? ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. கீழ்நாட்டிலேயே அரிசி அருமை. அவளிடம் குதிரின் அடியில் கொஞ்சம் சாமை இருந்தது. தண்ணீர் தாராளமாக விட்டுக் காய்ச்சினால் கஞ்சிக்குக் காணும். வயிறு நிறைய, ஊற்றோரத்துப் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு முற்றிக் கிடந்தது. கஞ்சிக்கு ஆளுக்கு இரண்டு கிழங்கு வைத்தால் உபதேசியார் வாயையும் சேர்த்து அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கைக் காட்டுப்பன்றி வந்து கலைத்தது. வியாழன் விடியலில் போய்ப் பார்த்தால் பாத்தி உழுத வயலாகக் கிடந்தது. ஒரு கிழங்குகூட மிச்சமில்லை. ஆயம்மாள் வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பன்றியைத் திட்டினாள். பிறகு தவசு காலத்தில் திட்டியது பாவமாயிற்றே என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

அழுகைச் சத்தம் ஊருக்குள் போனதோ, இல்லை தண்ணீருக்கு வந்த பெண்கள் யாராவது சொன்னார்களோ, அன்று மத்தியானமே ஆண்கள் நாயும் வலையும் ஈட்டியுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பன்றி விழுந்தது. பொழுது உச்சிக்கு வரும் நேரத்தில் மாதக்கவுண்டர் ஆயம்மாள் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலை மிதித்தது வேலப்பன் சாவுக்கு மட்டும்தான்.

"கண்ணு, உன்ற கெழங்கத் தின்ன பன்னிய அடிச்சாச்சு" என்றார். "உனக்கும் பங்கு வெட்டியிருக்கறேன்."

ஆயம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாத. சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னயே உன்ற பங்கத் தனியா எடுத்து வெச்சுட்டேன். வேலப்பன் சொன்னது எனக்கு மறக்கல. அப்பறம் இன்னொண்ணு. பொழுது சாய உன்ற ஊட்டுக்கு அறுவது பேரு வாராங்களாமே? உன்ற விருந்தாளி, ஊருக்கு விருந்தாளி. படைக்காத கறியா ஒரு பெரிய பானைக்கு எடுத்து, மெளகு அரைச்சு ஊத்தி, உன்ற அத்த பொன்னாயி எங்க வாசல்ல அடுப்புல ஏத்திட்டா. நீ கஞ்சிய மட்டும் காச்சு. ஊரு மானத்த நாங்க பாத்துக்கறோம்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். "மாமா, இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க, எங்க நோன்புல கறி ஆகாதுங்க" என்று ஒரு வாக்கியம். ஆனால் பங்கு என்ற ஒரு சொல்லிலேயே அவள் கண் நிறைந்துபோயிற்று. கிழவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்பு புருஷன் திருப்பியனுப்பிய பங்கை இன்று பெண்டாட்டியும் திருப்பியனுப்புவதா? "ஆகட்டுமுங்க மாமா" என்று சொல்லிவிட்டாள்.

கறியை வாங்கினால் சிலுவை இனி அந்த ஊருக்கு வராது. வாங்காவிட்டால் ஊர் இனி அவள் வாசலுக்கு வராது. கஞ்சியைத் துழாவத் துழாவ அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மேட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. சிலுவை பள்ளத்தில் இறங்கியது. ஆண்டவர் பாடுகளைச் சொல்லும் பதினாலு ஸ்தலத்துக்கும் ஒவ்வொரு மரமாக, ஊரைச் சுற்றி முழங்காலிட்டுக்கொண்டு வந்தார்கள். நாலாவது ஸ்தலம் தாண்டியதும் காற்று திரும்பியது. மிளகும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்து கொதிக்கிற மணம், காலையிலிருந்து பட்டினி கிடந்த அறுபது மூக்கிலும் ஒன்றாக ஏறியது. உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்த வரியை இருமுறை வாசித்தார். சாமியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பக்தி என்று சனம் நினைத்தது. ஆயம்மாளுக்கு மட்டும் ஒவ்வொரு ஸ்தலத்திலும் ஆண்டவர் பாடு பாதி, பானையின் பாடு பாதியாகவே போயிற்று. 'என் வாயை நீரே திறந்துவிடும் ஆண்டவரே, எனக்குத் திறக்கத் தெரியவில்லை' என்று வேண்டிக்கொண்டாள்.

கடைசி ஸ்தலம் கொட்டகை வாசலில் முடிந்தது. சனம் வரிசையாக உட்கார்ந்து குழிவாகத் தைத்த இலையை முன்னால் வைத்துக்கொண்டது. சரியாக அப்போது மாதக்கவுண்டர் முன்னே வர, பின்னால் இரண்டு ஆட்கள் தடியில் கோத்த பானையைத் தூக்கி வந்தார்கள். பொன்னாயி அகப்பையோடு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஊரே வந்தது. புதுத் துண்டு போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

உபதேசியார் எழுந்துவிட்டார். "என்ன அக்கிரமம் இது! தவசுக் கால வெள்ளியில..." சாமியார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆனால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ஆயம்மாள் ஓடிப்போய்ப் பானைக்கும் இலைக்கும் நடுவில் நின்றாள்.

"மாமா, என்னை அடிச்சாலும் அடிங்க. நாந்தானுங்க தப்புப் பண்ணீட்டேன். இது எங்க நோன்புக் காலமுங்க. நோன்பு முடியற வரைக்கும், அதுலயும் வெள்ளிக்கெழமை, கறி வாயில வெக்க மாட்டோமுங்க. நீங்க பங்குன்னு சொன்னதும் எனக்குச் சொல்ல வாய் வல்லீங்க. உங்க கையால பங்கு வாங்க நானும் அவருமே எத்தன வருசம் ஏங்கியிருக்கறோம். வேண்டாமுன்னு எப்படீங்க சொல்லுவேன்?"

தூக்கி வந்த ஆட்கள் பானையை இறக்குவதா வேண்டாமா என்று நின்றார்கள். மாதக்கவுண்டர் அவளைப் பார்த்தார், இலை முன்னால் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தார், வெறும் கஞ்சிப் பானையைப் பார்த்தார்.

"காத்தாலயிருந்து ஒண்ணுமே திங்கலியா இவங்க?"

"இல்லீங்க மாமா."

"அப்படியே இந்த வாசத்துல மண்டி போட்டுட்டுச் சுத்துனாங்களா?"

"ஆமாங்க."

கிழவர் சட்டென்று திரும்பினார். "பொன்னாயி! பானைய மூடு. நோன்பு இருக்கறவன் மூக்குக்கு முன்னால கறிய வெச்சு, என்ன பாவத்தக் கட்டிக்கப் பாத்தோம்! நம்ம காப்புக் கட்டுன நாள்ல எவனாச்சும் இப்படிப் பண்ணுனா உட்டிருப்பமா?" என்று கத்தினார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை; அதனால் எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்தது. பானை அப்படியே தடியோடு மேட்டுக்கு அந்தப்பக்கத்து ஊருக்கு, அவர் சம்பந்தி வீட்டுக்குப் போயிற்று. எதற்காக அன்று தங்களுக்கு அந்த யோகம் அடித்தது என்று அவர்கள் நெடுநாள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்களாம்.

பெண்கள் வீட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி கேழ்வரகு மாவு, ஒருத்தி வேகவைத்த அவரை, ஒருத்தி சாம்பலில் போட்டு வைத்திருந்த பலாக்கொட்டை. கஞ்சி கெட்டியாயிற்று. பொன்னாயி கொண்டுவந்த அகப்பை வீணாகவில்லை. அவளே வரிசையாக ஊற்றிக்கொண்டு போனாள். உபதேசியார் இரண்டாவது முறையும் இலையைக் காட்டினார். "நல்லாருக்குங்களா?" என்று கேட்டாள் பொன்னாயி. வாய் நிறைய இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் வாய் பேசாமல் இருந்ததை அன்றுதான் பலர் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

ஊர்க்காரர்கள் போகாமல் நின்றிருந்ததை ஆயம்மாள் அப்புறம்தான் கவனித்தாள். வேட்டைக்குப் போய் உடம்பு நொந்த ஆண்கள், கறி வாசத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்த பிள்ளைகள். விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகு ஆக்கலாம் என்று அவரவர் வீட்டுக்கும் பங்கு வெட்டித்தானே வைத்திருந்தது?

"மாமா, அவங்கள ஊட்டுக்குப் போய் ஆக்கித் திங்கச் சொல்லுங்க. எனக்காக அவங்க எதுக்குங்க நிக்கோணும்?"

"எப்படித் திம்பாங்க?" என்றார் மாதக்கவுண்டர், அவள் ஏதோ விவரமில்லாமல் கேட்டுவிட்டது போல. "ஒரு ஊட்டுப் பங்கு நின்னுபோச்சுன்னா எல்லா ஊட்டுப் பங்கும் நிக்கும். சாவு விழுந்தாலும் அப்படித்தான், தீட்டு வந்தாலும் அப்படித்தான். மொற தெரியாதா உனக்கு? உப்புப் போட்டுக் கட்டித் தொங்க உடச் சொல்லிட்டேன். உங்க நோன்பு என்னிக்கு முடியுதுன்னு சொல்லு, அன்னிக்கு எல்லாரும் ஒண்ணா ஆக்கலாம்."

முறை அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். அந்த முறைக்குள் தன் வீடும் சேர்ந்துவிட்டது என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆயம்மாள் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுவதா, இந்தக் கிழவருக்குச் சொல்லுவதா என்று ஒருகணம் தடுமாறி, இருவருக்கும் சேர்த்தே மனசுக்குள் கும்பிட்டாள்.

"பாஸ்கு அன்னிக்குங்க மாமா, ஆண்டவரு உசுரோட எந்திரிச்ச நாளு. இன்னும் மூணு வெள்ளி போகோணும்."

"மூணு வெள்ளியும் போகட்டும், அதுவரைக்கும் ஒரு ஊட்டுலயும் பங்குல கை வெக்க மாட்டோம். போ, நீ மொதல்ல கஞ்சி குடி."

ஊரும் வந்து உட்கார்ந்தது. இலை பற்றாமல் கொட்டாங்கச்சியிலும் கையிலும் வாங்கிக் குடித்தார்கள். சாமியார் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மாதக்கவுண்டர் பக்கத்தில் வந்து நின்றார். "கவுண்டரே, அடுத்த வருஷமும் நாங்கள் வரலாமா?" என்று கேட்டார்.

"என்னைய எதுக்குங்க சாமி கேக்கறீங்க? ஊட்டுக்காரியக் கேளுங்க" என்றார் கிழவர்.