நாலு மணிச் சங்கு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். வருஷம் தொண்ணூற்று மூன்று என்கிறேன், நான்காகவும் இருக்கலாம். அன்று மழை விட்டிருந்ததா, தூறிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் மனம் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறது. பந்து தமிழ்வேந்தனின் கையில் இருந்ததை மைதான ஓரத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். மீதியெல்லாம் பின்னால் அவனே சொன்னது.

தமிழ்வேந்தன் தாராபுரத்துக்காரன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதிலித் தொழிலாளி. பதிலி என்றால் ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். ஏழு வருஷம் அப்படி நின்றான். மில்லுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. கோவை லீக்கில் பி டிவிஷன். அதில் அவன் கோல் காக்கும் கோலி.

கோலியின் வேலை பெரும்பாலும் சும்மா நிற்பது. பந்து அந்தக் கடைசியில் கிடக்கும்போது அவன் பத்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அவனுக்கு அது புதிதில்லை. மில்லுக்கு எதிரே ஓர் ஒற்றை அறையில், சமைத்துத் தின்று, யாரோடும் பேசாமல் நாள் கடத்துகிறவன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் மனைவி மயிலாத்தாள் பொள்ளாச்சிப் பக்கம் அப்பன் வீட்டிலேயே இருந்தாள். தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடும் வேலை.

"ஒத்த ரூமுல என்ற புள்ளைய எப்பிடீங் மாப்பிள்ளை வெச்சுக்குவீங்க? ஊடு ஒண்ணு பாருங்க, நானே கொண்டாந்து உடறேன்" என்று மாமனார் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்.

பெர்மனென்ட் ஆனால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றை மில்லில் தருவார்கள். அந்த வருஷம் டீம் ஏ டிவிஷனுக்கு ஏறினால் அவனையும், அவனுக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடும் பிரான்சிஸையும் பெர்மனென்ட் செய்வதாக லேபர் ஆபீசர் ராமுலு வாக்குக் கொடுத்திருந்தார். பிரான்சிஸும் பதிலிதான். ஐந்து வயது மூத்தவன். தமிழ்வேந்தன் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள்.

கடைசி ஆட்டம் போத்தனூர் டீமோடு. டிரா செய்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது மழையால் நின்று, புதன்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. மில் மைதானத்தில்தான்.

"மாமனாருக்கு லெட்டர் போட்டுட்டியாடா வேந்தா?" என்று பிரான்சிஸ் பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே கேட்டான்.

"இன்னும் இல்லீங்ணா."

"போட்டுரு. நான் முன்னால நிக்கறவரைக்கும் உனக்கு வேலையே இல்ல. கம்பத்துல சாஞ்சுக்கிட்டுப் பொண்டாட்டிய நெனச்சுக்கிட்டு இரு."

"அதைத்தானுங்ணா மூணு வருசமாச் செய்யறேன்."

பிரான்சிஸ் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ஆட்டம் முடிய மூன்று நான்கு நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. போத்தனூர்க்காரன் ஒருவன் எங்கிருந்தோ பந்தைத் தூக்கி அடித்தான். வேகமில்லாத அடி. தமிழ்வேந்தன் கோட்டின் மேல் நின்றவாறே தலைக்கு மேலே இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். பிரான்சிஸ் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான்.

அப்போது மில்லில் நாலு மணிச் சங்கு ஊதியது.

தமிழ்வேந்தனின் கைகள் விரிந்தன. பந்து தோளில் பட்டு முதுகுப்பக்கம் விழுந்து, ஒரு துள்ளல் துள்ளி, கோட்டைத் தாண்டிப் போய் வலையில் நின்றது. ரெஃபரி கோல் என்று விசில் ஊதினார்.

தோற்று வெளியே வந்ததும் பிரான்சிஸ் அவனைத் தனியே கூட்டிப்போனான்.

"யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களாடா?"

"இல்லீங்ணா."

"பொறகு?"

"தெரியிலீங்ணா."

"பந்து உன்ற கையில இருந்துச்சு."

"ஆமாங்ணா."

பிரான்சிஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உண்மையிலேயே தமிழ்வேந்தனுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஸ்பின்னிங்கில் ஓர் ஆள் வரவில்லை. அவனுக்கு வேலை கிடைத்தது. நாலு மணிக்குச் சங்கு ஊதியபோது அறுந்த நூல் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தான். கைகள் தாமாக மெஷினை விட்டு விலகி எழுந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது, கையை எடுத்துவிட வேண்டும்; அந்த மில்லில் அது வழக்கம். சங்குக்குப் பிறகு அறுகிற நூல் அடுத்த ஷிப்டுக்காரனுடையது. தொட்டால் சண்டை வரும். ஏழு வருஷமாக அவன் கைக்கு அது பாடம். மற்ற லீக் ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மில் லீவு, சங்கு கிடையாது.

அன்று சாயங்காலமே பிரான்சிஸ் வீட்டுக்கு ஓடினான். பிரான்சிஸின் மனைவி மெர்சி வாசலுக்கு வந்து, "அவரு தூங்கறாருங்க" என்றாள். உள்ளே பிரான்சிஸ் இருமுவது கேட்டது. தமிழ்வேந்தன் "பொறகு வாரனுங்க" என்று திரும்பினான்.

அடுத்த நாள் காலையில் ராமுலு ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அங்கே சொல்லிவிட்டான்.

"சங்கு கேட்டதும் கையை எடுத்துட்டியா? கோல் போஸ்ட்லயா?" ராமுலு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இருபது வருசம் சர்வீஸ் போட்டவனெல்லாம் சங்குக்குப் பத்து நிமிசம் முன்னாடியே கை கழுவப் போயிடறான். நீ என்னடான்னா..."

ராமுலு அதை முதலாளியிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். முதலாளியும் சிரித்துவிட்டு, சங்கு ஊதும்வரை மெஷினை விடாதவன் மில்லுக்கு வேண்டும் என்றிருக்கிறார். பத்தாம் நாள் ஆர்டர் வந்தது. தமிழ்வேந்தன் பெர்மனென்ட். பிரான்சிஸுக்கு இல்லை. டீமைக் கலைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கேட்டில் நிற்கும் பதிலிகளில் பிரான்சிஸும் இருந்தான். தமிழ்வேந்தன் நேரே அவனிடம் போனான்.

"அண்ணா, அது சங்குதாங்ணா. சங்கு கேட்டதும் கை தானா உட்டுப்போட்டுது."

பிரான்சிஸ் முழுவதையும் கேட்டான்.

"ஆபீசுலயும் இதையேதானுங்க சொன்னீங்களாமா" என்றான். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆபீசோட முதல்லயே பேசிவெச்சிருந்தா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. ஷிப்டுக்கு நேரமாச்சு, உள்ள போங்க."

ஏழு வருஷத்தில் பிரான்சிஸ் ஒரு தடவைகூட அவனை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வீடு தேடி வந்ததைச் சொல்லலாம் என்று தமிழ்வேந்தனுக்குத் தோன்றியது. சொன்னால் அதுவும் பேசிவைத்ததாகவே கேட்கும். உள்ளே போய்விட்டான்.

மயிலாத்தாள் அடுத்த மாதம் லைன் வீட்டுக்கு வந்தாள். சங்குக் கதையைக் கேட்டதும், "கை அப்பிடித்தானுங்க, சொன்ன பேச்சுக் கேக்காது" என்று உடனே நம்பினாள். அவள் கால்பந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளோடு தண்ணீர்க் குழாயில் பேச இரண்டு வருஷம் ஆயிற்று. பிரான்சிஸ் தொண்ணூற்று ஐந்தில் மெர்சியோடு திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அப்புறம் அவனும் தமிழ்வேந்தனும் சந்திக்கவில்லை. ராமுலு ரிட்டயராகி மகன் வீட்டில் இருந்தபோது இறந்தார். தொண்ணூற்று எட்டில் மில்லை மூடினார்கள். மைதானத்தை வீட்டு மனைகளாக விற்றார்கள். தமிழ்வேந்தனும் மயிலாத்தாளும் பொள்ளாச்சிக்குப் போய், மாமனாரின் களத்தில் வேலை செய்கிறார்கள்.