வெண்கலத்தொண்டை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கேட்டதில் பாதியை நான் கனவில் கண்டதோடு கலந்திருக்கவும் கூடும். தண்ணீர் வந்தது ஒரு பிற்பகலில் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

மேல்தெருவின் கடைசி வீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கை தறி நெய்பவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அவள் பங்கையும் சேர்த்து அக்கா பேசினாள். ஏரிக்கரையில் கசிவு இருக்கிறது என்று மாதக்கணக்கில் கூச்சல் போட்டாள். "வெண்கலத்தொண்டை ஆரம்பிச்சுட்டாய்யா" என்று ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

கரை உடைந்த அன்று அவள் "வெள்ளம்" என்று கத்தவில்லை. கத்தினால் ஒருவரும் வரமாட்டார்கள். வீடுவீடாகப் போய்த் திட்டினாள்.

"யோவ் கொல்லரே, உன் அரிவாள் வாழைப்பழத்தைக்கூட வெட்டாதுன்னு ஊரே சிரிக்குது. மானம் இருந்தா வெளிய வாய்யா!"

கொல்லர் சுத்தியலோடு வந்தார். அவர் மனைவி, மாமியார், எதிர்வீடு, அடுத்த தெரு என்று எல்லோரும் அகப்பையும் செருப்புமாக அவளைப் பாறைமேடுவரை துரத்தினார்கள். மேலே நின்று மூச்சு வாங்கித் திரும்பினால், கீழ்த்தெருவைக் காணோம். அங்கே வானம் கிடந்தது, மேகங்களோடு. அக்கா தலைகளை எண்ணினாள். பிறகு தனியாக இறங்கி ஓடினாள்.

இரண்டு மாதத்தில் அவள் தெய்வமாகிவிட்டாள். தண்ணீரே கைகூப்பி அவளை அழைத்துப் போனதாகச் சொன்னார்கள். ஊர் இப்போது குடியேறியிருந்த மேட்டில் சிலை வைக்க முடிவானது. குயவர் ஈரக் களிமண்ணோடு தங்கையின் குடிசைக்கு வந்தார்.

"முகம் எப்படிம்மா வைக்க? சாந்தமா, சிரிச்சாப்ல இருக்கணும்கிறாங்க."

"எங்க அக்காவா? சிரிச்சாப்லயா? நல்ல கூத்து."

குயவர் சிரித்தார். "என்னை என்ன சொன்னா தெரியுமா? என் பானையும் என் மண்டையும் ஒரே கோணலாம். சக்கரத்தை அப்படியே விட்டுட்டு அடிக்க ஓடினேன்."

"நான் ஓடலைண்ணே."

அவர் கை நின்றது. அவள் களிமண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னையும் திட்டிட்டுத்தான் போனா. காதுல விழுந்துச்சு. ஒரு சாண் நெசவு பாக்கி இருந்துச்சு. தினம் கேக்குற சத்தம்தானேன்னு இருந்துட்டேன். தறிக்குழியில கால் நனைஞ்சப்போதான் நிமிர்ந்தேன். அதுக்குள்ள திரும்பி வந்துட்டா. என்னைப் பரண்ல ஏத்தி, கூரை ஓட்டைப் பிரிச்சு வெளிய தள்ளினா. நான் கை நீட்டுறதுக்குள்ள சுவரு சாஞ்சிடுச்சு."

குயவர் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளிய சொல்லாதே. சாமியைக் கொன்னவளுன்னு சொல்லுவாங்க. மேட்டுல உன்னை இருக்க விடமாட்டாங்க."

"சொல்லலைன்னா அவ எனக்கு அக்காவா இருக்கமாட்டாண்ணே. வாயைத் திறந்தே வைங்க."

சிலையைச் சுட்டு மேட்டில் நிறுத்திய நாள் காலை, துணியை விலக்கியதும் கூட்டம் பின்வாங்கியது. அகலத் திறந்த வாய். பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. இது என்ன கோரம் என்று கேட்டார்கள். குயவர் தரையைப் பார்த்தார். தங்கை முன்னால் வந்து, சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒன்று விடாமல் சொன்னாள்.

கொல்லரின் மாமியார் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கொல்லர் அவள் கையைப் பிடித்தார்.

"கீழ போடுங்க அத்தே. நாம மட்டும் என்ன, கூப்பிட்ட குரலுக்கா வந்தோம்? அவளை அடிக்கத்தானே வந்தோம்."

கிழவி கல்லைக் கீழே போட்டாள். பிறகு யாரோ சிலையின் காலடியில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

குயவர் அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தார். கொல்லர் மேட்டிலேயே உலை போட்டு, முதுமைவரை இருந்தார். தங்கை கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பெண்கள். மேட்டில் இப்போது நாற்பது வீடுகள் இருக்கின்றன. புதுக் கரையைத் தள்ளிக் கட்டியதில், பழைய ஊர் ஏரிக்குள் இருக்கிறது.