ஐஸ் தொழிற்சாலை கொண்டுவந்த ஐந்து பேர்

பாங் மயோம் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அலமாரியில் நாற்பத்தொரு தகனப் புத்தகங்கள் இருக்கின்றன. மூன்று முறை எண்ணினேன். இரண்டாவது முறை நாற்பதுதான் வந்தது. எங்கள் ஊரில் யாரைத் தகனம் செய்தாலும் அவருடைய வாழ்க்கையை அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புத்தகங்களை நம்பினால், இந்த ஊரில் குடிகாரன் ஒருவன்கூட இதுவரை செத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கண்காட்சி. ஐஸ் தொழிற்சாலை பற்றிய அட்டையை எழுதும் வேலை எனக்கு. சங்கம் இருப்பது லம்யாய் அத்தையின் துணிக்கடை மாடியில்.

“கோய், அட்டையில எங்கப்பா பேரு வரலைன்னா, உங்க அலமாரிய ஆத்தோரமா வச்சுக்குங்க,” என்று அத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு ஐஸ் தொழிற்சாலை கொண்டுவந்தது அவருடைய அப்பாதான் என்று அவர்கள் வீட்டுப் புத்தகம் சொன்னது. அரிசி மில் விசித்தின் அப்பாதான் என்று விசித் வீட்டுப் புத்தகம் சொன்னது. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். தப்பு என்மேல்தான் இருக்கும் என்று ஐந்தையும் விரித்து வரிவரியாக ஒப்பிட்டேன். ‘கொதிக்கும் ஊருக்குக் குளிர்ச்சி ஈந்த வள்ளல்’ என்ற வரி ஐந்திலும் இருந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது.

சங்கத் தலைவர் பிரயூன் வாத்தியாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“நீங்க எழுதினதா வாத்தியாரே?”

“யாரு செத்தாலும் எங்கிட்டதான் வந்து நிப்பாங்க. உங்கப்பா என்ன பண்ணினாருன்னு கேட்டா, மகன் மோட்டுவளையப் பாப்பான். ரெண்டு பக்கம் காலியாக் கிடக்கும். நான் என்னம்மா பண்ணட்டும்?”

“சரி, நெஜமா யாரு கொண்டுவந்தாங்க?”

“எத?”

“ஐஸ் தொழிற்சாலைய.”

“இந்த ஊர்ல ஏதும்மா அது? ஐஸ் காலை ரயில்ல உமி மூடி வரும். வழியிலயே பாதி உருகிடும்.”

சங்கத்திலிருந்து விலகிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ஐந்து புத்தகங்களையும் அந்தப் பக்கத்தில் திறந்து வரிசையாக வைத்து, அட்டையில் எழுதினேன்: ‘இவ்வூரில் ஐஸ் தொழிற்சாலை இருந்ததில்லை. ஐஸ் ரயிலில் வந்தது. இந்த ஐந்து வரலாறுகளையும் எழுதியவர் ஆசிரியர் பிரயூன்.’ ஞாயிறன்று வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

லம்யாய் அத்தைதான் முதலில் வந்தார். அட்டையை இரண்டு முறை படித்தார். அலமாரியை எந்தப் பக்கமாகச் சாய்த்தால் படியில் இறங்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்கப்பா கொண்டுவரலையா?”

“இல்ல அத்தை.”

குனிந்து பக்கத்துப் புத்தகத்தைப் பார்த்தார். “விசித்தோட அப்பன்?”

“அவரும் இல்ல.”

“விசித் இதப் படிச்சுட்டானா?”

“பத்து மணிக்கு வர்றேன்னாரு.”

அத்தை நாற்காலியொன்றை இழுத்து அட்டைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“அலமாரி அங்கயே இருக்கட்டும். எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்ல? அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”